படுக்கையோடு கோர்ட்டுக்கு வந்தவர்கள்

ஆம்பூர்
1934 ஆகஸ்ட்

மாதாவின் கிருபையால் ரங்கூனில் சுகமாயிருக்கும் என் அண்ணன் ஞானப்பிரகாசம் அவர்களுக்கும் அண்ணிக்கும், தங்கை சவுரியம்மாள் தோத்திரம் சொல்லி எழுதிக்கொண்டது.

இங்கே எல்லோரும் நலம். இந்த முறை உங்கள் மைத்துனரையும் சேர்த்தே அப்படி எழுதுகிறேன். போன வெள்ளிக்கிழமை ஜாமீனில் வீட்டுக்கு வந்துவிட்டார். ஆள் இளைத்துப் போயிருக்கிறார். தோல் கம்பெனிச் சுண்ணாம்பில் வெடித்துக் கிடந்த விரல்கள் மட்டும் நன்றாக ஆறியிருக்கின்றன. வேலூர் ஜெயில் செய்த ஒரே உபகாரம் அதுதான்.

உன் புருஷனுக்காக அந்த ஊரில் யார் வந்து நிற்பார்கள் என்று போன கடிதத்தில் கேட்டிருந்தீர்கள். கோபம் வந்தது. அதற்குப் பதிலை இப்போது எழுதுகிறேன். கூலி உயர்வு கேட்டு வேலைநிறுத்தம் நடந்தபோது தோல் கொட்டகை தீப்பிடித்தது. முன்னால் நின்று பேசியதற்காக இவரைப் பிடித்துப் போனார்கள். விசாரணை தொடங்கவே இல்லை. பட்டா நிலம் உள்ள இரண்டு பேர் கையெழுத்துப் போட்டால்தான் விட முடியும் என்றார் மாஜிஸ்திரேட். பட்டாவுக்கு நாங்கள் எங்கே போவது? நம் தெருவுக்குக் கல்லறைத் தோட்டத்தில் மட்டும்தான் நிலம்.

முதலாளி ஆள் அனுப்பினார். கொளுத்தியது கூட வேலை செய்யும் கன்னியப்பன்தான் என்று இவர் சொன்னால் மறுநாளே கையெழுத்துப் போடுகிறாராம். "அவன் என்னோட கம்பெனி கேட்டாண்ட நின்னுக்கினு இருந்தான், நான் இன்னான்னு பொய் சொல்றது" என்று இவர் ஜெயிலிலிருந்தே சொல்லியனுப்பிவிட்டார்.

வக்கீல் வேலூர் ஜட்ஜிடம் மனுப் போட்டார். நிலம் இல்லாவிட்டால் போகட்டும், அவனை அறிந்தவர்கள் வரட்டும், பார்க்கிறேன் என்றாராம் ஜட்ஜ். உன் புருஷன் சூசைக்காக நிற்க இரண்டு பேரைக் கூட்டி வா என்று வக்கீல் எனக்குச் சொல்லியனுப்பினார். நான் கன்னியப்பனிடம் போய்ச் சொன்னேன்.

தோல் கம்பெனி வழக்கம் உங்களுக்கு மறந்திருக்காது. கல்யாணமோ சாவோ, ஒருவன் போக வேண்டுமென்றால் தோல் ஊறும் தன் தொட்டியில் மாற்றாளை நிறுத்திவிட்டுத்தான் போக வேண்டும். போனவன் திரும்பும்வரை நின்றவன் நகரக் கூடாது. ஜாமீனும் அப்படித்தான் என்று நம் ஜனங்கள் நினைத்துவிட்டார்கள். கன்னியப்பனும், மேஸ்திரி அப்துல் வஹாப் பாயும், தோல் பதனிடப் பட்டை இடிக்கும் எல்லம்மாவும் படுக்கையைச் சுருட்டிக் கட்டி, தட்டும் சொம்பும் எடுத்துக்கொண்டு கோர்ட்டுக்கு வந்து நின்றார்கள். அவர்களைச் சொல்லி என்ன? கட்டுச்சோறு கட்டிக் கொடுத்தவளே நான்தான்.

மூட்டை எதற்கு என்று ஜட்ஜ் கேட்டார். கன்னியப்பன் கும்பிட்டு, "வழக்கு முடியற வரிக்கும் சூசைக்குப் பதிலா நாங்க உள்ள இருக்கறோம் சாமி, அவன் ஊட்டுக்குப் போவட்டும்" என்றான். கோர்ட்டே சிரித்தது. ஜட்ஜ் சிரிக்கவில்லை. கொஞ்ச நேரம் அந்த மூட்டைகளையே பார்த்துக்கொண்டிருந்தார். நிலம் இல்லை என்பதற்காக ஒருவனை விசாரணைக்கு முன்பே அடைத்து வைப்பது நியாயமில்லை, இவர்கள் வார்த்தை போதும் என்று உத்தரவு எழுதினார். ஆண்கள் இருவரை ஏற்றுக்கொண்டார். விடுபட்ட எல்லம்மாவுக்கு இன்னும் கோபம் தீரவில்லை. வஹாப் பாய்க்கு அன்றைக்கே மேஸ்திரி வேலை போயிற்று. அந்த உத்தரவைக் காட்டி ராணிப்பேட்டைக் கூலிகள் சிலரும் வெளியே வந்தார்களாம். கேட்டதும் எனக்குத் தலை நிமிர்ந்துவிட்டது, அண்ணா.

இனி உங்கள் யோசனைக்கு வருகிறேன். இவர் வெளியே வந்ததும் சத்தமில்லாமல் கப்பலேற்றி ரங்கூனுக்கு அழைத்துக்கொள்கிறேன் என்று எழுதியிருந்தீர்கள். பாசத்தில் எழுதினீர்கள், தெரியும். உங்களிடம் மறைக்க என்ன இருக்கிறது, இவருக்குப் பயம்தான். முதலாளி பொய்ச் சாட்சிகளைத் தயார் செய்துவிட்டார். ஆனால் இவர் ஓடினால் பிடிபடப் போவது ஜாமீன் நின்றவர்கள். கடிதத்தைப் படித்துக் காட்டினேன். "மாத்தாள் நிக்கறப்ப எவனாவது ஓடிப்போவானா" என்று மட்டும் கேட்டார். இப்படிப்பட்டவருக்கு வாழ்க்கைப்பட்டதை நினைத்தால் பெருமையாய் இருக்கிறது. அழுகையும் வருகிறது.

ஆகையால் எங்களுக்கு டிக்கெட் அனுப்ப வேண்டாம். டிசம்பரில் விசாரணை. அந்த டிக்கெட் காசில் நீங்கள் புறப்பட்டு வாருங்கள். தீர்ப்பு எப்படியானாலும் அன்றைக்கு என் பக்கத்தில் நீங்கள் இருக்க வேண்டும். யார் வந்து நிற்பார்கள் என்று கேட்டீர்களே, வாருங்கள் அண்ணா. உங்கள் படுக்கையையும் கட்டிக்கொண்டு வாருங்கள்.

மாதா உங்களைப் பத்திரமாய்க் கரை சேர்க்கட்டும்.

தங்கை,
சவுரியம்மாள்