இடம் பிடித்து வைத்தவள்

அன்பு மகளுக்கு,

அப்பா எழுதுகிறேன். இங்கே எல்லோரும் சுகம். நீயும் வேளைக்குச் சாப்பிட்டு, ஆஸ்பத்திரியில் இரவு டியூட்டி முடிந்தால் நன்றாகத் தூங்குகிறாய் என்று தெரிந்தால் எங்கள் சுகம் முழுசாகும். அம்மாவுக்கு முழங்கால் வலி பரவாயில்லை, மாடிப்படி ஏறும்போது மட்டும் யாரையாவது திட்டிக்கொண்டே ஏறுகிறாள். உன் தம்பி வாஷிங் மிஷினை ரிப்பேர் பார்க்கிறேன் என்று பிரித்துப் போட்டான், திரும்ப மாட்டியதில் நாலு திருகாணி மிச்சம், ஆனாலும் மிஷின் ஓடுகிறது, அதுதான் எனக்குப் பயமாக இருக்கிறது.

உன் மகள் வாண்டின் பிறந்தநாளுக்கு நீ அங்கிருந்தே வாங்கி அனுப்பிய எக்ஸ்பிரஸ் பாஸோடு நானும் அவளும் தீம் பார்க் போய் வந்தோம். அப்பா வெயிலில் கால்கடுக்க நிற்கக் கூடாது என்று வாங்கினாய், அது வீண்போகவில்லை. கையில் சிவப்புப் பட்டை ஒன்று கட்டிவிட்டார்கள், அதைக் காட்டினால் தனி வழி. பக்கத்தில் அனுமார் வால் மாதிரி வரிசை, அதில் நின்றவர்கள் பார்த்த பார்வையில் எனக்குத்தான் கூச்சம், உன் மகளோ மந்திரி மாதிரி கையைத் தூக்கிக்கொண்டே போனாள். சாப்பாட்டு நேரத்துக்கு முன்பே ராட்டினம், ரயில், சறுக்கு எல்லாம் முடிந்துவிட்டது. தண்ணீர் வாங்கிக்கொண்டு திரும்பினால் ஆளைக் காணோம், எனக்கு உயிர் போய் உயிர் வந்தது. பார்த்தால் படகுச் சவாரிக்கான சாதாரண வரிசையில் போய் நிற்கிறாள். நமக்குத்தான் தனி வழி இருக்கே கண்ணு என்றேன். "நீங்களும் இங்கயே நில்லுங்க தாத்தா" என்றாள். நின்றேன். எங்கள் முறை நெருங்கியதும் பின்னால் இருந்தவர்களை "நீங்க போங்க" என்று முன்னால் விட்டாள். அடுத்து வந்தவர்களையும் விட்டாள். இரண்டு பிள்ளைகளோடு வந்த ஒரு பெண், ஏன் கண்ணு பயமா இருக்கா என்று கேட்டாள். "இல்ல, எங்கம்மா வரணும், இடம் பிடிச்சு வெச்சிருக்கேன்" என்றாள் உன் மகள். அந்தப் பெண் என்னைப் பார்த்தாள், நான் எங்கோ பார்த்தேன். அதட்டவும் மனம் வரவில்லை, உண்மையைச் சொல்லவும் வாய் வரவில்லை. கூட்டமெல்லாம் எங்களைத் தாண்டிப் போனது. சாப்பாட்டு இடைவேளைக்கு முன் இதுதான் கடைசிப் படகு என்று படகுக்காரர் குரல் கொடுத்த பிறகுதான் குனிந்து, அம்மா இன்னிக்கு வரமாட்டா கண்ணு என்றேன். "தெரியும் தாத்தா, சும்மா நின்னு பாத்தேன்" என்றாள். அழவில்லை. என் கையைப் பிடித்துக்கொண்டு படகில் ஏறி, பக்கத்தில் யாரும் உட்காராதபடி தன் பையை வைத்தாள்.

இதை எழுத வேண்டாம், பிள்ளை அங்கே தனியாக உட்கார்ந்து அழும் என்றாள் அம்மா. குறை சொல்ல எழுதவில்லையம்மா, நீ யாருக்காக ஓடுகிறாய் என்று எங்களுக்குத் தெரியாதா. ஆனால் போன தடவை உன்னோடு வேலை பார்க்கும் பெண்ணுக்கு உன் லீவை விட்டுக்கொடுத்தாயே, இந்தத் தடவை அப்படிச் செய்துவிடாதே. எங்களுக்கும் கண் தேடுகிறது.

உடம்பும் மனமும் நோகாமல் நன்றாக இரு, அதுவே நாங்கள் தினமும் வேண்டிக்கொள்வது. லீவு உறுதியானால் முதலில் என்னிடம் மட்டும் சொல். வாண்டுக்குத் தெரிந்தால் அன்றைக்கே வாசலில் போய் நின்றுவிடுவாள்.

எப்போதும் உன் நினைவில்,
அப்பா