உறவுமுறை: தாய்

அனுப்புநர்
திட்டக் கணக்கு எண் 20614-இன் உரிமையாளர்,
இஸ்திரி இயந்திரப் பணியாளர்,
பொது மருத்துவமனைச் சலவைக்கூடம்.

பெறுநர்
இயக்குநர் அவர்கள்,
பல்கலைக்கழகக் கட்டண முன்செலுத்துத் திட்டம்,
தலைமை அலுவலகம்.

பொருள்: மகளுக்காக வாங்கிய எட்டுப் பருவங்களைத் தாயின் பெயருக்கு மாற்ற மறுத்தது குறித்த புகார் – மாற்ற ஆணை கோருதல்.

பார்வை: 1. திட்டக் கையேடு, விதி 14.
2. கிளை அலுவலகக் கண்காணிப்பாளரின் குறிப்பு, ஜூன் 30.

மதிப்பிற்குரிய ஐயா,

1. தங்கள் திட்டத்தில் அரசுப் பல்கலைக்கழகப் படிப்பை ஒவ்வொரு பருவமாக, அதாவது ஆறாறு மாதமாக, முன்கூட்டியே வாங்கி வைக்கலாம். இன்றைய விலையில் வாங்கிய பருவம், பிள்ளை படிக்கப் போகும் நாளில் கட்டணம் எவ்வளவு ஏறியிருந்தாலும் செல்லும். என் மகளுக்கு இரண்டு வயதானபோது முதல் பருவத்தை வாங்கினேன். எட்டாவதை வாங்கும்போது அவளுக்குப் பதினேழு. அந்த ரசீதைக் கையில் வாங்கியதும், லிஃப்ட் பழுதுபார்க்கும் வேலையிலுள்ள என் கணவர் கவுண்டரிலேயே வாய்விட்டுச் சிரித்துவிட்டார். வரிசையில் நின்றவர்கள் திரும்பிப் பார்த்தார்கள். எங்களுக்கு அது உறைக்கவில்லை.

2. இவ்வாண்டு என் மகள் பொறியியல் நுழைவுத் தேர்வில் இருபத்தேழாம் இடம் பெற்றாள். முதல் ஐம்பது பேருக்குப் பல்கலைக்கழகம் முழுக் கட்டண விலக்கு அளிக்கிறது. எனவே அவளுக்காகப் பதினைந்து ஆண்டுகள் சேர்த்த எட்டுப் பருவங்களில் ஒன்றுகூட அவளுக்குத் தேவைப்படவில்லை. இப்படியொரு சிக்கல் எல்லாப் பெற்றோருக்கும் வரட்டும் என்று வேண்டுகிறேன்.

3. இனி என்னைப் பற்றி. பள்ளிப் படிப்பை முடித்த ஆண்டு எனக்குக் கல்லூரியில் இடம் கிடைத்தது. அதே மாதம் அப்பா படுத்த படுக்கையானதால் சலவைக்கூடத்தில் சேர்ந்தேன். இருபத்தாறு ஆண்டுகளாகக் காலை ஆறு மணி முதல் இரண்டு மணி வரை அங்கேதான் வேலை. மகள் ஒன்பதாம் வகுப்பு படித்தபோது, துணைக்கு உட்கார்ந்தவள், அவள் போடும் கணக்குகளை நானும் போட ஆரம்பித்தேன். ஒருநாள் எங்கள் இருவருக்கும் ஒரே விடை வந்தது. புத்தகத்தின் கடைசிப் பக்கத்திலோ வேறு விடை. அவளுடைய ஆசிரியை சரிபார்த்துவிட்டு, தவறு புத்தகத்தில்தான் என்று சொல்லியனுப்பினார். அந்த வாரம் முழுவதும் என் இயந்திரத்தின் சூடே எனக்குத் தெரியவில்லை. உடன் வேலை செய்பவர்கள் என்னைக் ‘கால்குலேட்டர் அக்கா’ என்று அழைக்கத் தொடங்கியது அப்போதுதான்.

4. அதே பல்கலைக்கழகத்தில் மாலை நேரப் பிரிவின் நான்காண்டுப் புள்ளியியல் பட்டப்படிப்புக்கு என்னைக் கேட்காமலே மகள் விண்ணப்பித்துவிட்டாள். “சும்மா எழுதிப் பாரும்மா. வரலைன்னா யாருக்கும் தெரியப் போறதில்லை” என்றாள். நுழைவுத் தேர்வை முந்நூற்றுப் பன்னிரண்டு பேர் எழுதினோம். இடங்கள் நாற்பது. பட்டியலில் நான் பதினோராவது. பட்டியலைக் காட்டிவிட்டு அவள், “என் எட்டுப் பருவமும் உனக்குத்தான். மறுபேச்சு பேசக் கூடாது” என்றாள். என் கணவரும், “சாயங்காலச் சமையல் என் பொறுப்பு. ஆனா ருசி சரியில்லைன்னு யாரும் மேலிடத்துக்கு மனு போடக் கூடாது” என்று ஒரு நிபந்தனையோடு சம்மதித்தார்.

5. ஜூன் 23 அன்று தங்கள் கிளை அலுவலகத்தின் ஆறாம் எண் கவுண்டரில் மாற்று விண்ணப்பம் கொடுத்தேன். புகாருக்குரிய நிகழ்வு இதுவே என்பதால் எழுத்தர் சொன்னதை அப்படியே எழுதுகிறேன். “அண்ணன், தம்பி, அக்கா, தங்கச்சிக்கு மாத்தலாம். அம்மாவுக்குன்னு கம்ப்யூட்டர்ல இடமே இல்லைம்மா.” பிறகு என்னை ஏற இறங்கப் பார்த்துவிட்டு, “இந்த வயசுல படிச்சு என்ன பண்ணப் போறீங்க? கட்டின பணத்தைத் திருப்பி வாங்கி நல்ல ஃப்ரிட்ஜா ஒண்ணு வாங்குங்க” என்றார். கட்டிய பணத்தைத் திரும்பப் பெற்றால், இன்றைய கட்டணத்தில் அது இரண்டு பருவத்துக்குக்கூடக் காணாது என்பதை அவர் சொல்லவில்லை. அதை நானே கணக்குப் போட்டுத் தெரிந்துகொண்டேன்.

6. நான் நகரவில்லை என்று கண்டதும், “சரி, ‘மற்றவர்’னு போட்டுடறேன். விசாரணைக்குத் தொண்ணூறு நாள் ஆகும்” என்றார். தொண்ணூறு நாளில் என் இடம் பறிபோய்விடும். அதுமட்டுமல்ல ஐயா, நான் பெற்ற பிள்ளைக்கு நான் ‘மற்றவர்’ ஆக முடியாது. விண்ணப்பத்தைத் திரும்ப வாங்கிக்கொண்டு வந்துவிட்டேன். பேருந்து நிறுத்தம்வரை அழுகை வந்தது என்பதையும் மறைக்கவில்லை.

7. வீட்டுக்கு வந்து, முதல் ரசீதோடு தங்கள் அலுவலகம் தந்த கையேட்டைத் தேடியெடுத்து முதலிலிருந்து வாசித்தேன். விதி 14: ‘பயன்படுத்தாத பருவங்களைப் பயனாளியின் குடும்ப உறுப்பினருக்கு மாற்றலாம். குடும்ப உறுப்பினர் என்பது பெற்றோர், உடன்பிறந்தோர், பிள்ளைகள்.’ பெற்றோர் என்ற சொல்தான் முதலில் இருக்கிறது. ஜூன் 30 அன்று அந்தப் பக்கத்தோடு அதே கவுண்டருக்குப் போனேன். எழுத்தர் படித்தார், மறுபடியும் படித்தார், எழுந்து உள்ளே போய்க் கண்காணிப்பாளர் அம்மையாரை அழைத்து வந்தார். அவரும் படித்துவிட்டு எல்லோருக்கும் கேட்கும்படி, “இவங்க சொல்றதுதான் சரி. விதியில இருக்கு. கம்ப்யூட்டர்லதான் விட்டுப்போச்சு” என்றார். வரிசையில் யாரோ கைதட்டினார்கள். இயக்குநர் கையொப்பமிட்டால் கையால் எழுதியே மாற்றலாம் என்று குறிப்பெழுதித் தந்தவரும் அவரே. எழுத்தர், குறிப்புக்காக நான் காத்திருந்த நாற்காலிக்கு அருகில் வந்து, “நான் அப்படிப் பேசியிருக்கக் கூடாதுங்க” என்றார். ஆகவே அவர் மீது நடவடிக்கை எதுவும் வேண்டாம் என்பதைக் குறிப்பாகக் கேட்டுக்கொள்கிறேன். என் புகார் கணினியிலுள்ள உறவுமுறைப் பட்டியலின் மீது மட்டுமே.

8. கண்காணிப்பாளரின் குறிப்பைப் பார்த்துப் பல்கலைக்கழகம் என்னை ஜூலை 31 வரை தற்காலிகமாகச் சேர்த்துக்கொண்டது. ஜூலை 8 அன்று முதல் வகுப்பு. வாசலில் இருந்த உதவியாளர், “பொண்ணை விட்டுட்டு நீங்க வெளியில உக்காருங்கம்மா” என்றார். என்னைக் கொண்டுவந்து விட்ட மகள், “நான்தாங்க வெளியில. இவங்கதான் உள்ளே” என்றாள். வகுப்பில் பேராசிரியர், சராசரி என்பது எப்போது ஏமாற்றும் என்று கேட்டார். சற்றுப் பொறுத்துக் கையைத் தூக்கினேன். எங்கள் சலவைக்கூடத்துக்குச் சராசரியாக நாளொன்றுக்கு முந்நூறு விரிப்புகள் வரும். அறுவை சிகிச்சை நாளிலோ ஐந்நூற்றைத் தாண்டும். சராசரியை நம்பி ஆள் போட்டால் அன்று நோயாளி வெறும் மெத்தையில்தான் படுக்க வேண்டும் என்றேன். அவர் திரும்பி, அதை அப்படியே கரும்பலகையில் எழுதினார். முப்பத்தொன்பது பேர் அதைப் பார்த்து எழுதிக்கொண்டார்கள். ஐயா, நாற்பத்து நான்கு வயதில் என் வாழ்க்கையில் இப்படி ஒரு மாலைப் பொழுது வரும் என்று நான் எண்ணிப் பார்த்ததே இல்லை.

9. ஆதலால் தங்களைப் பணிவுடன் கேட்டுக்கொள்வது: விதி 14-இன்படி எட்டுப் பருவங்களையும் என் பெயருக்கு மாற்றி ஜூலை 31-க்குள் ஆணை வழங்க வேண்டும். ஆணையில் உறவுமுறை என்ற கட்டத்தில் ‘தாய்’ என்றே எழுத வேண்டும். கணினிப் பட்டியலிலும் ‘தாய்’, ‘தந்தை’ இரண்டையும் சேர்க்க வேண்டும். ‘தந்தை’ என்பதையும் கேட்பதற்குக் காரணம் உண்டு. ஜூன் 30 அன்று கிளை அலுவலகத்தை விட்டு நான் வெளியே வந்தபோது, வரிசையில் நின்ற லாரி ஓட்டுநர் ஒருவர் படி இறங்கிப் பின்னாலேயே ஓடி வந்து, தயங்கித் தயங்கி, “ஏங்க, அது அப்பாவுக்கும் உண்டா?” என்று கேட்டார். உண்டு என்று சொல்லியனுப்பிவிட்டேன்.

இணைப்பு: எட்டு ரசீதுகள், விதி 14-இன் நகல், கண்காணிப்பாளரின் குறிப்பு, தற்காலிகச் சேர்க்கைக் கடிதம், மகளின் ஒப்புதல் கடிதம்.

நாள்: ஜூலை 10
இடம்: பல்கலைக்கழக நூலகம், முதல் மாடி

தங்கள் நல்லாணையை எதிர்நோக்கும்,
(ஒப்பம்)
கணக்கு எண் 20614-இன் உரிமையாளர்,
முதலாம் ஆண்டு, புள்ளியியல்.