பெயர் சொல்லிக் கூப்பிட்டால்

வெள்ளி இரவு, கார்த்திகை, 1954

ராயபுரம் கொட்டகையில் இன்று பார்த்த படத்தில், புருஷன் பெயர் சொல்லிக் கூப்பிடும்வரை பெண்டாட்டி திரும்பவே இல்லை. பெண்கள் பக்கம் முழுக்கக் கைதட்டல். நானும் தட்டினேன்.

வீட்டுக்கு வந்ததும் இவர் வழக்கம்போல, "இந்தாமே, சோறு போடு" என்றார். நான் திரும்பவில்லை. மறுபடியும் கூப்பிட்டார். அடுப்பையே பார்த்துக்கொண்டு நின்றேன். 'பாக்கியம்' என்று ஒரு தரம் சொன்னால் வாய் நோகுமா?

கிட்டே வந்து, "இன்னாமே, காது அடச்சிகினு கீதா?" என்றார். ஹார்பரில் மூட்டை தூக்கிக் காய்த்துப்போன கையால் நல்லெண்ணெய் காய்ச்சி, பதமாக ஆற்றி, என் காதில் விட்டார். அதற்குப்பிறகு எப்படிச் சொல்வது, நன்றாகத்தான் கேட்கிறதென்று?

பஞ்சு வைத்த காதோடு எழுதுகிறேன். அவர் தூங்கிவிட்டார். தூக்கத்தில் உளறுகிற பழக்கம் உண்டு. எதற்கும் இருக்கட்டுமென்று பஞ்சை எடுத்துவிட்டேன்.