நீல விளக்கின் கீழ் ஒரு நெற்றி

ஆலங்காயத்தில் மலைக்கு ஏறுகிற பஸ் கிளம்புகிற நேரத்தில் ஒரு பெண் கைக்குழந்தையோடு ஏறி என் பக்கத்தில் உட்கார்ந்தாள். குளிப்பாட்டி மஞ்சள் பூசிய குழந்தை. அந்த வாசனை மூக்கில் ஏறியதும் உன் நினைப்பு வந்துவிட்டது. மற்றவர்களுக்கு மஞ்சள் வாசனை என்றால் கல்யாண வீடோ பொங்கலோ ஞாபகம் வரும். எனக்கு ஒளியியல் படித்த ஒரு பிடிவாதக்காரிதான் ஞாபகம் வருகிறாள்.

நம் கருவிக்குக் காப்புரிமை கிடைத்துவிட்டது. போன வாரம் தகவல் வந்தது. அலுவலகத்தில் எல்லோரும் கைகொடுத்தார்கள், நானும் இனிப்பு வாங்கிக் கொடுத்தேன், பிறகு என் அறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டு அழுதேன். கண்டுபிடித்தவர் என்ற இடத்தில் உன் பெயர் இருக்கிறது. சொல்லத்தான் நீ இல்லை. சொல்லவாவது ஒரு இடம் வேண்டுமே என்றுதான் இந்த மலைக்குக் கிளம்பினேன். நீ விட்டுப்போன ஒரு கேள்வியும் கூடவே வந்தது.

ஒரே தெருவில் வளர்ந்தோம் நாம். கரண்ட் போனால் நீ டார்ச்சை உள்ளங்கையில் அழுத்திப் பிடித்து, விரல்கள் சிவப்பாக ஒளிர்வதை வாய் பிளந்து பார்த்துக்கொண்டிருப்பாய். "வெள்ளையா உள்ள போச்சு, செவப்பா வெளிய வர்து. நடுவுல இன்னாடி ஆச்சு?" என்பாய். கொசுக்கடியில் எனக்கு அதெல்லாம் ஒரு பொருட்டாகவே தெரியாது. அந்தக் கேள்வியைப் பிடித்துக்கொண்டே நீ பொறியாளர் ஆனாய். நான் காப்புரிமை விண்ணப்பம் எழுதுகிறவள் ஆனேன். ஒரு பொருளில் எது புதிது என்பதை வறட்டு மொழியில் எழுதி, இதை இதற்கு முன் யாரும் செய்யவில்லை என்று வாதாடுவது என் பிழைப்பு. அதிசயம், அற்புதம் மாதிரியான சொற்களுக்கு அங்கே வேலையே இல்லை. என் வரைவைப் படித்துவிட்டு நீ கேட்டாய்: "ஏண்டி, இது மனுசங்க படிக்கிறதுக்கா, பயந்து ஓடறதுக்கா?"

உன் கருவி உள்ளங்கைக்குள் அடங்குகிற ஒரு டப்பா. பிறந்த குழந்தையின் நெற்றியில் வைத்து அழுத்தினால் ஒரு பளிச். தோலுக்குள் போன வெளிச்சத்தில் எது திரும்பி வருகிறது, எது உள்ளேயே நின்றுவிடுகிறது என்று பார்த்து, காமாலை எவ்வளவு என்று சொல்லிவிடும். ஊசி குத்த வேண்டாம், ரத்தம் எடுக்க வேண்டாம். பெரிய ஆஸ்பத்திரிகளில் அப்படிக் கருவிகள் ஏற்கெனவே உண்டு. மலையில் வீடு வீடாக நடக்கிற ஒரு நர்ஸம்மாவின் பையில் ஒன்று கிடக்க வேண்டும் என்பதுதான் உன் ஆசை.

முதல் தடவை இங்கே வந்தபோது பட்ட அவமானத்தை மறந்திருக்க மாட்டாய். காவலூர் தாண்டி உள்ளே இருக்கிற அந்தச் சிற்றூரில் கருவியை வைத்த குழந்தைக்கெல்லாம் காமாலை என்றது. அதிலும் ஒரு குழந்தைக்கு ஆபத்தான அளவு. அந்த ஊர் நர்ஸம்மா அரண்டுபோய் உடனே கீழே ஆஸ்பத்திரிக்கு அனுப்பினார். சாமை அறுப்பைப் போட்டுவிட்டு அந்தக் குடும்பம் ஓடியது. ரத்தத்தில் ஒன்றுமே இல்லை என்று திருப்பி அனுப்பிவிட்டார்கள்.

நீ ஒரு பாறைமேல் உட்கார்ந்து டப்பாவைப் பிரித்துப் பிரித்து மாட்டிக்கொண்டிருந்தாய். என் கையைத் தற்செயலாகப் பார்த்தாய். அன்று முழுவதும் குழந்தைகளைத் தூக்கிய கை, மஞ்சளாக இருந்தது. கருவியை அதன்மேல் வைத்து அழுத்தினாய். "உனக்கு முத்திப்போச்சுடி காமாலை. வூட்டுக்குச் சொல்லி அனுப்பட்டுமா?" என்றாய். சிரித்து ஓய்ந்த பிறகுதான் விஷயம் உறைத்தது. பட்டணத்திலிருந்து ஆள் வருகிறார்கள், குழந்தையைப் பார்க்கப்போகிறார்கள் என்று வீட்டுக்கு வீடு குளிப்பாட்டி, வழக்கத்தைவிட இன்னும் கொஞ்சம் மஞ்சள் பூசி, நமக்குக் காட்டியிருக்கிறார்கள். அவர்கள் நமக்குச் செய்த மரியாதையைத்தான் நம் டப்பா நோய் என்று படித்திருந்தது.

திரும்பி வந்து யாரிடம் சொன்னாலும் ஒரே யோசனைதான் சொன்னார்கள். சில நாளைக்கு மஞ்சள் பூச வேண்டாம் என்று தாய்மார்களிடம் சொல்லிவிடுங்கள், தீர்ந்தது. நான்கூட அதுதான் சரி என்றேன். நீ என்மேல் எரிந்து விழுந்தாய். "நம்ம டப்பாவுக்குக் கண்ணு சரியில்ல. அதுக்கு அவங்க கொயந்தைக்குக் குளிப்பாட்டறத மாத்திக்கணுமா?" என்று கேட்டுவிட்டு ஒரு வாரம் என்னோடு பேசவில்லை.

பல மாதம் கழித்து ஒருநாள் ஆய்வகத்துக்குக் கூப்பிட்டாய். ஜன்னலை மூடினாய். ஒரு தட்டில் குழைத்த மஞ்சள். நீல விளக்கைப் போட்டு, என் கண்முன் ஒரு மஞ்சள் கண்ணாடியைப் பிடித்தாய். தட்டிலிருந்த மஞ்சள், பச்சையாக ஒளிர்ந்தது. உள்ளே யாரோ விளக்கு வைத்ததுபோல, தானாக ஒளிர்ந்தது. "காமாலையில வர்ற நிறம் நீல வெளிச்சத்த முழுங்கிட்டு கம்முனு இருக்கும்டி. இது முழுங்கிட்டுப் பதில் சொல்லுது" என்றாய். அந்தப் பதில் எவ்வளவு என்று அளந்தால் பூசின மஞ்சள் எவ்வளவு என்று தெரியும். அதைக் கணக்கில் கழித்துவிட்டு, மிச்சத்தைச் சொல்ல ஒரு சின்ன மின்னணுச் சில்லு போதும். எனக்கு உடம்பெல்லாம் புல்லரித்தது. பிறந்ததிலிருந்து அடுக்களையில் பார்க்கிற பொருள், அதற்குள் இப்படி ஒன்று இருந்திருக்கிறது.

இரண்டாவது தடவை நாம் வந்தபோது அந்த ஊரில் ஒருவரும் முகம் கொடுத்துப் பேசவில்லை. நர்ஸம்மா மட்டும் காளி என்பவர் வீட்டுக்குக் கூட்டிப்போனார். பிறந்து சில நாளே ஆன பெண் குழந்தை. பால் குடிக்காமல் தூங்கிக்கொண்டே இருக்கிறது என்று அதன் தாய் சாந்தி கவலைப்பட்டாள். குழந்தை தலைமுதல் கால்வரை மஞ்சளாகத்தான் இருந்தது. புதுக் கருவி, பூசின மஞ்சளைக் கழித்த பிறகும், அளவு மிக அதிகம் என்றது. உடனே கீழே போக வேண்டும் என்றார் நர்ஸம்மா.

குழந்தையின் அப்பா காளி வாசலை மறித்துக்கொண்டு நின்றார். "போன வாட்டி எங்கண்ணன் கொயந்தைய இப்டித்தான் அனுப்பினீங்க. இன்னா ஆச்சு? ஒண்ணுமில்லன்னு அனுப்பிச்சுட்டாங்க. உங்க மிசினு பொய் சொல்லுதுங்க. மஞ்சா பூசுனா மஞ்சாவாத்தான் இருக்கும்."

அவர் சொன்னதில் தப்பே இல்லை. நீ வாதாடவில்லை. "நெசந்தாங்க, அது பொய் சொல்லிச்சு. இன்னிக்கு மிசினு வேணாம், நீங்களே பாருங்க" என்று பையிலிருந்து நீல விளக்கையும் மஞ்சள் கண்ணாடியையும் எடுத்தாய். கதவைச் சாத்தி, ஒரு கம்பளியை எல்லோர் தலைமேலும் போர்த்தினோம். குழந்தையின் கண்ணைத் துணியால் மறைத்தாள் சாந்தி. கண்ணாடியைக் காளியின் கையில் கொடுத்துவிட்டு நீ விளக்கைப் போட்டாய்.

முதலில் அவருடைய விரல்தான் ஒளிர்ந்தது. காலையில் மஞ்சள் அரைத்த கை. அப்புறம் குழந்தையின் கழுத்து மடிப்பு, கக்கம், தொடை, எல்லாம் மின்மினிப் பச்சையில் எரிந்தன. நீ விளக்கை மெல்ல மேலே கொண்டுபோனாய். நெற்றி இருட்டாக இருந்தது. மூக்கு, கன்னம், நெஞ்சின் நடு, எதுவும் ஒளிரவில்லை.

"இங்க இன்னாத்துக்கு மின்னல?" என்றார்.

"அங்க மேல மஞ்சா இல்லீங்க. பூசுனது கழுவிப் போய்டுச்சு. வெளிச்சத்துல பாத்தா அங்கயும் மஞ்சளாத்தான இருக்கு? அது உள்ளேர்ந்து வர்றதுங்க."

காளி விளக்கைத் தானே வாங்கித் தன் கையில் ஒருமுறை, குழந்தையின் நெற்றியில் ஒருமுறை என்று மாற்றி மாற்றிக் காட்டினார். பிறகு கம்பளியைத் தள்ளிவிட்டு எழுந்து, "ஜீப்பு கெடைக்குமா பாருங்க" என்றார்.

ஆஸ்பத்திரியில் ஊசி குத்தி ரத்தம் எடுத்தார்கள். கருவி சொன்னது சரி. குழந்தையின் கண்ணைக் கட்டி ஒரு பெட்டியில் கிடத்தி, மேலே விளக்கைப் போட்டார்கள். அதுவும் நீல விளக்கு. காமாலைக்கு அதுதான் வைத்தியம் என்று புத்தகத்தில் படித்து உனக்குத் தெரியும். ஆனாலும் கண்ணாடிச் சன்னலில் நெற்றியை வைத்துக்கொண்டு, "காட்டிக் குடுத்ததும் இந்த வெளிச்சந்தான், கரைக்கிறதும் இதுதான். பாருடி, தோலு மேல வுழுந்தே கரைக்குது" என்று சொல்லிக்கொண்டே இருந்தாய். டார்ச்சை உள்ளங்கையில் வைத்துப் பார்த்தவள் அப்படியே என் பக்கத்தில் நின்றிருந்தாள்.

உயிருக்குப் பயமில்லை என்ற டாக்டர் இன்னொன்றும் சொன்னார். அளவு அந்த மட்டத்துக்கு ஏறிய குழந்தைகளில் சிலருக்குக் காது போய்விடலாம், அதைச் சோதிக்கக் கட்டாயம் திரும்பக் கொண்டுவர வேண்டும். காளி தலையாட்டினார். கொண்டுவரவில்லை. நர்ஸம்மா கேட்டபோதெல்லாம், "கொயந்த நல்லாத்தான் கீது" என்றாராம். பிறகு அவர்கள் செங்கல் சூளை வேலைக்கு வெளியூர் போய்விட்டார்கள்.

விண்ணப்பத்துக்குக் காப்புரிமை அலுவலகத்திலிருந்து ஆட்சேபம் வந்தது உனக்குத் தெரியும். மஞ்சள் ஒளிரும் என்பது தெரிந்ததே, காமாலையை வெளிச்சத்தால் அளப்பதும் தெரிந்ததே, இரண்டையும் சேர்ப்பதில் புதிதாக என்ன இருக்கிறது என்று கேட்டிருந்தார்கள். நீ போன பிறகுதான் அதற்குப் பதில் எழுதினேன். அவ்வளவு எளிது என்றால், இத்தனை காலமாக எல்லோரும் மஞ்சளை நிறுத்தச் சொன்னது ஏன் என்று கேட்டேன். அது உன் கோபம். என் மொழியில் எழுதினேன், அவ்வளவுதான்.

போன மழைக்காலத்தில் ஒரு காய்ச்சல் உன்னைக் கொண்டுபோய்விட்டது. கடைசியாக உன் கட்டிலருகே நின்றபோது காப்புரிமை பற்றி நீ ஒரு வார்த்தை கேட்கவில்லை. "அந்தக் கொயந்தைக்குக் காது கேக்குதான்னு யாரும் சொல்லவேல்லடி" என்றாய். அந்தக் கேள்வியை இன்னும் தூக்கிக்கொண்டு அலைகிறேன். குடும்பம் ஊர் திரும்பிவிட்டது என்று நர்ஸம்மா சொன்னதும் பஸ் ஏறிவிட்டேன்.

வீட்டு வாசலிலேயே சாந்தி என்னை அடையாளம் கண்டுகொண்டு கையைப் பிடித்துக்கொண்டாள். "இன்னா நீங்க மட்டும் வந்துகீறீங்க? அந்தக்கா?" என்றாள். சொன்னேன். வெகுநேரம் கையை விடவே இல்லை. மகள் களத்தில் எங்களுக்கு முதுகைக் காட்டி உட்கார்ந்து புளியங்கொட்டைகளை அடுக்கிக்கொண்டிருந்தாள். அந்தக் குழந்தைதான், ரம்யா என்று பெயர். பின்னாலிருந்து ஒரு தடவை கூப்பிட்டால் தெரிந்துவிடும். எல்லாவற்றுக்கும் ஆதாரம் கேட்கிற எனக்கு வாய் வரவில்லை. அவள் திரும்பாவிட்டால் நான் யாரிடம் போய்ச் சொல்வேன்?

நான் தொண்டையைச் செருமுவதற்குள் அவளே நிமிர்ந்தாள். கொட்டைகளைப் போட்டது போட்டபடி எழுந்து சாலைப் பக்கம் தலையைத் திருப்பினாள்.

"எங்கப்பா வண்டி" என்றாள்.

எனக்கு ஒன்றுமே கேட்கவில்லை. காற்றுகூட இல்லை. சாந்தி சாதாரணமாக, "அவ எப்பவும் அப்டித்தாங்க, அவரு அந்த வளைவு திரும்பறதுக்குள்ள சொல்லிடுவா" என்றாள். நான் மூச்சைப் பிடித்துக்கொண்டு நின்றேன். கொஞ்ச நேரம் கழித்து, மலைக்கு அந்தப் பக்கம், கொசு ரீங்கரிப்பதுபோல ஒரு மோட்டார் சத்தம் எனக்கும் கேட்டது.