இரண்டு தடவை பாடும் வீடு

இன்று காலை தேங்காய் எண்ணெய்ப் போத்தலைத் திறந்தேன். வாசனை மூக்கில் ஏறியதுமே நீ பின்னால் நின்று சிரிப்பது போல இருந்தது. திரும்பிக்கூடப் பார்த்தேன், நம்புவாயா? நீ கண்ணை மூடிய பிறகு இரண்டாவது கிறிஸ்துமஸ் வரப்போகிறது. உன் புருஷனுக்குப் புத்தி மட்டும் இன்னும் வந்தபாடில்லை.

வெட்கமாக இருக்கிறது. யாரிடம் சொல்வது? உன்னிடம்தான் சொல்ல வேண்டும்.

நம் சந்தின் வழக்கத்தை நினைத்துக்கொண்டிருந்தேன். கிறிஸ்துமஸுக்கு முந்தின வாரம் மாதா கோயில் பிள்ளைகள் வீடு வீடாகப் பாடிக்கொண்டு வருவார்கள். அவர்கள் பாடி முடித்ததும் வீட்டுக்காரர்கள் பதிலுக்கு ஒரு பாட்டுப் பாட வேண்டும். பதில் பாட்டு இல்லாத வீட்டில் பலகாரத்தைத் தொடமாட்டார்கள், அப்படி ஒரு ரோஷம். நம் வீட்டுக்கு நீ இருந்தாய். சிறுமியாகப் புலாவ் திக்குஸ் வட்டாரத்தில் இருந்தபோது பக்கத்து வீட்டு யூரேசியச் சட்டைக்கார அம்மாவிடம் கற்றுக்கொண்ட கிட்டாரை மடியில் வைத்து நீ பாடுவாய். நான் முறுக்குத் தட்டைப் பிடித்துக்கொண்டு நிற்பேன். வருஷா வருஷம் என் பங்கு அவ்வளவுதான்.

ஒரு வருஷம் குளியலறையில் வழுக்கி விழுந்து உன் இடது மணிக்கட்டு முறிந்தது. மலாய்க்கார வைத்தியர் மூங்கில் பத்தை வைத்துக் கட்டிவிட்டுப் போனார். "இந்த வருசம் நம்ம வீட்டுல பாட்டு இல்லைங்க" என்று சொல்லிவிட்டு நீ சுவர்ப் பக்கம் திரும்பிக்கொண்டாய். கை வலிக்கு அழாதவள் அதற்கு அழுதாய். எனக்குத் தாங்கவில்லை.

"ஏன் இல்லை? நான் வாசிக்கிறேன், நீ பாடு. மூணே மூணு விரல் பிடிதானே, இதென்ன பெரிய வித்தை?" என்றேன். வாய்க்கொழுப்பு, வேறென்ன?

கப்பல் கம்பெனியில் நான் பெரிய கிராணி, குமாஸ்தாக்களுக்கெல்லாம் தலைவன். விரலைத் தூக்கினால் சரக்குக் கிட்டங்கியே வாயை மூடும். அதே விரலை ஆறு தந்திகள் மதிக்கவில்லை. அழுத்தினால் கம்பி சதையை அறுத்தது. விட்டால் 'டப்'பென்று செத்த சத்தம். ஒரு பிடியிலிருந்து அடுத்த பிடிக்கு நான் போய்ச் சேருவதற்குள் நீ அடியைப் பாடி முடித்துவிட்டு, எனக்குக் கூச்சமாக இருக்கக் கூடாதே என்று வெளியே வேடிக்கை பார்ப்பாய். அந்தப் பரிவுகூட எனக்கு எரிச்சலாக இருந்தது. அக்கம்பக்கம் கேட்கக் கூடாதென்று புழுக்கத்திலும் சன்னல்களை அடைத்தேன். அடைத்து என்ன பயன்? தண்ணீர்க் குழாயடியில் நாலு பேர் முன்னால் எதிர்வீட்டு அந்தோணியம்மா அக்கா கேட்டுவிட்டார்.

"என்ன கிராணியாரே, வீட்டுக்குள்ள பூனை ஏதும் மாட்டிக்கிச்சா?"

அதற்கப்புறம் பின்சந்து வழியாகத்தான் வேலைக்குப் போனேன்.

நாட்கள் நெருங்கின. எனக்கு வாசிக்கக் கை வந்தபாடில்லை. ஒரு சாயங்காலம் கிட்டாரைக் கட்டிலில் வீசினேன். "கிட்டார்லதான் கோளாறு! உங்க அப்பன் வீட்டுச் சாமான் எப்படி உருப்படும்?" என்று கத்தினேன். நீ ஒற்றைக் கையால் அதை எடுத்துக் கழுத்தைத் தடவிப் பார்த்தாய். அங்கே மஞ்சள் கறை. முகர்ந்தாய். பிறகு என் இடது கையை இழுத்து அதையும் முகர்ந்தாய்.

"மஞ்சளும் தேங்காய் எண்ணெயும்... தினமுமா போடுறீங்க?"

"வலிக்குதுல்ல!"

புண் என்றால் எங்கள் அம்மா வீட்டில் இதுதான் வைத்தியம். உனக்குத் தெரியாமல் அடுப்படியில் சுடவைத்து, வாசிக்கும் முன்னும் பின்னும் பூசிக்கொண்டிருந்தேன். வலிக்கிறது என்று பெண்டாட்டியிடம் சொன்னால் கௌரவம் குறைந்துவிடுமாம்!

அம்மாடி, நீ சிரித்த சிரிப்பு! கட்டுப்போட்ட கையைப் பிடித்துக்கொண்டு, கண்ணில் நீர் வரச் சிரித்தாய்.

"ஏங்க, விரல் நுனி காய்ச்சுப் போனாத்தானே தந்தியை அமுக்க முடியும்? எண்ணெயைப் போட்டுப் போட்டு வாழைப்பழமா ஆக்கி வச்சிக்கிட்டு என் கிட்டாரைத் திட்டுறீங்களே!"

பூமி பிளந்தால் உள்ளே போயிருப்பேன். நீ கழுத்தைத் துணியால் துடைத்து, கிட்டாரை என் மடியில் வைத்தாய். "வலிக்கட்டும்ங்க. வலிச்சாத்தான் காய்க்கும்" என்றாய். உன் அப்பாவை இழுத்ததற்கு ஒரு வார்த்தை வருத்தம்கூட நான் சொல்லவில்லை. நீயும் கேட்கவில்லை.

பிள்ளைகள் வந்த அன்று விரலில் காய்ப்பு லேசாகத்தான் ஏறியிருந்தது. சந்தே வாசலில் நின்றது. முதல் அடி ஒப்பேறியது. இரண்டாவது அடியில் பிடி நழுவி, கை அப்படியே உறைந்துவிட்டது. யாரோ களுக்கென்று சிரித்தார்கள். நான் தலையைக் குனிந்துகொண்டேன். கிட்டாரை வைத்துவிட்டு எழுந்திருக்கப் போனவனின் தோளில் உன் கை அழுந்தியது.

"எங்க வீட்டுல ரெண்டு தடவை பாடுவோம்" என்றாய், அது என்னவோ பரம்பரை வழக்கம் போல. "ம், முதல்ல இருந்து வாங்க."

இரண்டாம் தடவை என் விரலுக்கேற்ற நடையில் நீ பாடினாய். மாட்டு வண்டி போல ஊர்ந்தோம், ஆனாலும் கடைசிவரை போனோம். முதல் முறுக்கை எடுத்தவர் அந்தோணியம்மா அக்கா. "பூனை தேறிடுச்சு லா!" என்றார். அன்று நானும் சிரித்தேன்.

அப்புறம் எத்தனை கிறிஸ்துமஸ் சேர்ந்து வாசித்தோம்! பிழை இல்லாமல் வாசித்த வருஷங்களிலும் இரண்டு தடவை பாடச்சொல்லிப் பிள்ளைகள் நச்சரித்தார்கள்.

இப்போது வெட்கக்கேட்டைச் சொல்கிறேன். போன வருஷம் அவர்கள் வரும் சத்தம் கேட்டதும் விளக்கை அணைத்துவிட்டுக் கதவைத் தாழிட்டேன். நான் உள்ளே இருப்பது அவர்களுக்குத் தெரியும். பாடினார்கள். பதிலுக்காக நின்றார்கள். பிறகு, தெரியுமா, அதே பாட்டை இன்னொரு தடவை பாடிவிட்டுத்தான் போனார்கள். நான் இருட்டில் உன் நாற்காலியைப் பிடித்துக்கொண்டு, மூச்சு விடாமல் உட்கார்ந்திருந்தேன்.

இன்று காலை கிட்டாரைச் சுவரிலிருந்து இறக்கினேன். அந்த முதல் பிடியை அழுத்தியதும் உயிர் போகிற வலி. விரல் நுனியைப் பார்த்தால் காய்ப்பு முழுதும் உதிர்ந்து, குழந்தை விரல் மாதிரி இருக்கிறது. நீ ஏற்றிவிட்டுப் போனதைக்கூடக் காப்பாற்றத் தெரியாதவன் நான். உடனே கை தானாக எண்ணெய்ப் போத்தலைத் தேடிப் போயிற்று, பார்!

போத்தலை மூடி அடுப்படியிலேயே வைத்துவிட்டேன். சன்னல்களை எல்லாம் திறந்துவிட்டேன். டப், டப்பென்று சத்தம் சந்துக்கே கேட்கட்டும். வருகிற வாரம் பிள்ளைகள் வருவார்கள். நடுவில் தடுக்கினால் தடுக்கட்டும். நம் வீட்டில் இரண்டு தடவை பாடுவோம்.