பூசிய பின் அரை மணி

5-7-93, திங்கள்

காலையிலிருந்தே புழுக்கம். மாலை பம்மலில் நாலு தூறல், மண் நனையவில்லை. ஸ்டவ்வுக்குத் திரி வாங்க மறந்தேன்.

கிளினிக்கில் பல் பிடுங்கல் மட்டும். வீங்கின பிறகுதான் வருகிறார்கள். நான் கேட்டு வாங்கின ஃபுளோரைடு ஜெல் சீல் உடையாமல் அலமாரியில். பெரிய டாக்டர்: "வலிக்காத பல்லுக்கு எவன்யா இங்க வைத்தியம் பாக்க வருவான்?" அவர் சொல்வது சரி. அதுதான் எரிச்சல்.

இன்று வாய்விட்டுப் பேசியது: திற. கடி. துப்பு.

6-7, செவ்வாய்

காலையில் மொட்டைமாடியில், என் அறை வாசலில், தொப்பென்று ஒரு சாணி உருண்டை. கீழே கைதட்டல். வீட்டுக்கார அக்கா மகள் கவிதாவுக்குப் பல் விழுந்திருக்கிறது. இரண்டாம் வகுப்பு. சாணியில் பொதிந்து கூரைமேல் எறிவது வழக்கம். கூரைமேல் வாடகைக்கு இருப்பவன் நான்.

உருண்டையை உடைத்து, பல்லைக் கழுவிப் பார்த்தேன். முன்பல். பக்கவாட்டில் சொத்தை. அப்படியே எடுத்துக்கொண்டு கீழே போனேன்.

"பாருங்க அக்கா. பால்பல்லே இப்படி. பின்னாடி புதுசா முளைச்சிருக்கிற கடைவாய்ப் பல் சாகிற வரைக்கும் வேணும். அதுவும் போயிடும்."

அக்கா முகம் வெளிறிவிட்டது. "மேல போட்ட பல்ல யாருனா கீழ எடுத்தாருவாங்களா? இனிமே அவளுக்கு அங்க முளைக்குமா? காலங்காத்தால சாவுன்னு வேற..."

கவிதா ஓவென்று அழுதாள். நான் பல்லோடு மாடி ஏறினேன்.

7-7, புதன்

அனகாபுத்தூருக்கு வந்த நாளிலிருந்து என்னிடம் தானாகப் பேசுகிற ஒரே வீடு அது. இன்று அடிபம்பில் அக்கா குடத்தைப் பாதியில் எடுத்துக்கொண்டு போய்விட்டாள். "பல்லு அண்ணா" என்று கத்தும் வாண்டு, கதவுக்குப் பின்னால்.

எனக்குத் தெரியும், அந்தக் கடைவாய்ப் பல் முளைத்து வருஷம் ஆகவில்லை. எனாமல் இன்னும் இளசு. ஃபுளோரைடு ஏற்றினால் இறுகும், அமிலம் சுலபமாக அரிக்காது. நாளைக் கடத்தினால் குழி விழும், அடைக்க வேண்டும், பிறகு பிடுங்கல். பிடுங்கப்போவதும் நானே.

சாதம் குழைந்துவிட்டது. தின்றேன்.

8-7, வியாழன்

வீட்டுக்காரர் ஷிஃப்ட் முடிந்து வந்ததும் பிடித்தேன். கவிதா பல்லுக்கு ஃபுளோரைடு பூசிவிடலாம் என்றேன்.

"இன்னா சார், ஃபுளோரைடுன்னா பல்லு பழுப்பாயிடும்னு சொல்றாங்களே. தர்மபுரி பக்கம் பாத்துகீறேன்."

"அது குடிதண்ணியில, வருஷக்கணக்கா வயித்துக்குள்ள போறது. இது மேல பூசிட்டுத் துப்புறது. ரெண்டும் ஒண்ணா?"

"ஏன் சார் கத்துறீங்க? நானா தண்ணி வுட்டேன்?"

உள்ளேயிருந்து அக்கா: "அவர் வைத்தியம் இருக்கட்டும். அந்தப் பல்லு எங்க கீது, கேளு."

பஞ்சில் சுற்றி வைத்திருந்தேன். சொன்னேன். பிறகு, சொல்ல வராததையும் சொன்னேன்: "எடுத்துட்டு வந்தது தப்புதான் அக்கா."

பிறகு சாணித் தட்டோடு வெளியே வந்தாள். "எடுத்தவங்களே போடணும். உங்க ரூமு மேல போடுங்க, திரும்ப கைக்கு எட்டாது."

மாடியில் பல்லைச் சாணியில் பொதிந்து உருட்டி எறிந்தேன். முதல் தரம் சுவரில் அடித்து என் சட்டையிலேயே விழுந்தது. வீட்டுக்காரர், "பி.டி.எஸ்.ல இதெல்லாம் சொல்லித் தரலியா சார்?" கவிதா விழுந்து விழுந்து சிரித்தாள். இரண்டாவது தரம் கூரையில் தங்கியது.

அக்கா: "ஆடி வரப்போவுது. பண்றதுன்னா அதுக்குள்ள பண்ணிடுங்க. நாளைக்குக் கூட்டியாறேன்."

9-7, வெள்ளி

அக்காவும் கவிதாவும் கிளினிக்குக்கு வந்தார்கள். பாட்டில் சீல் உடைத்தேன். பற்களை ஒற்றி உலர்த்தி, பல்வரிசையில் மாட்டும் ட்ரேயில் ஜெல், நாலு நிமிடம். விழுங்காதே, விழுங்காதே என்று நான்தான் கத்திக்கொண்டிருந்தேன். சமர்த்தாகத் துப்பினாள்.

இனி அரை மணி தண்ணீர் கூடாது, தின்னக் கூடாது, கொப்பளிக்கவும் கூடாது.

"வூட்டுக்குப் போனா சொம்பத் தூக்கிடுவா. இங்கியே குந்திக்கிறோம்." பெஞ்சில் உட்கார்ந்தார்கள். வேறு ஆள் யாரும் வரவில்லை.

அக்கா கேட்டாள்: எந்த ஊர், அம்மா எப்படி இருக்காங்க, ராத்திரிக்கு என்ன சாப்பிடுறீங்க.

"ரசம்."

"டெய்லியுமா? பேஜார்."

கவிதா: "அண்ணா, ரசம் குடிச்சா பல்லு ஆடுமா?"

ஆடாது என்று ஆரம்பித்தவன் அமிலம், எச்சில், எனாமல் என்று போய், எங்கள் ஊர், தங்கை கல்யாணம், இங்கே வந்த முதல் வாரம் காய்ச்சலில் கிடந்தது வரை பேசிவிட்டேன். "ஒரு குரல் குடுக்கறதுக்கு இன்னா?" என்று அக்கா திட்டினாள்.

கடிகாரம் அவர்கள் முதுகுக்குப் பின்னால்.

"டைம் ஆயிடுச்சா டாக்டரு?"

அரை மணி எப்போதோ தாண்டிவிட்டது.

"இன்னும் கொஞ்சம் இருக்கு அக்கா" என்றேன்.