மீன் எங்கே என்று கேட்டவளும் வருகிறாள், மாமா

அன்பு மாமாவுக்கு,

லாரி ஓட்டுகிற மனிதருக்குக் கடிதம் எழுதினால் எந்த ஊருக்கு அனுப்புவது என்று நீங்கள் உயிரோடு இருந்தபோதே எனக்குத் தெரியாது. இப்போது மட்டும் தெரிந்துவிடவா போகிறது? இருந்தாலும் எழுதுகிறேன். சொல்லாமல் இருக்க முடியாத சேதி ஒன்று இருக்கிறது.

டிக்கெட் எடுத்துவிட்டேன். சேலத்திலிருந்து டெல்லிக்கு ரயில். டெல்லியிலிருந்து மணாலி போகிற பஸ். நடுவழியில் ஔட் என்ற இடத்தில் இறங்கி, வேறு பஸ் பிடித்து மலைக்குள் போனால் தீர்த்தன் ஆறு. நல்லம்பள்ளி பஸ் ஸ்டாண்டுக்கு வழி சொல்வதுபோல அலட்சியமாக நீங்கள் சொன்ன வழிதான். இரண்டு டிக்கெட். ஒன்று எனக்கு. மற்றது யாருக்கு என்று சொன்னால் நம்ப மாட்டீர்கள். அக்காவுக்கு.

ஆமாம், உங்கள் பெண்டாட்டிக்கு. தூண்டில் கோலைப் பார்த்தாலே முகத்தைத் திருப்பிக்கொள்கிற என் அக்காவேதான்.

அந்த ஆறு உங்களைப் பிடித்த கதையை எத்தனை முறை சொல்லியிருப்பீர்கள்! ஜவ்வரிசி லோடு டெல்லியில் இறக்கிவிட்டு, ஆப்பிள் ஏற்ற மலையடிவாரத்துக்குப் போனீர்கள். மண் சரிந்து ரோடு அடைத்துக்கொண்டது. சும்மா கிடக்க முடியாமல் ஏதோ ஒரு பஸ்ஸில் ஏறிப் போனபோது, முழங்கால் தண்ணீரில் நின்று ஒருவர் சாட்டை வீசுவதுபோல் நூலை வீசிக்கொண்டிருந்தார். முள்ளில் புழு இல்லை, மாவு இல்லை. கோழி இறகில் கட்டிய ஒரு பொய்ப் பூச்சி. அது தண்ணீரில் இறங்கியதும் ட்ரவுட் மீன் ஒன்று பாய்ந்து கவ்வியது. அவர் அதைப் பார்த்துச் சிரித்துவிட்டு, முள்ளைக் கழற்றி, திரும்பத் தண்ணீரிலேயே விட்டுவிட்டார். லால்சிங் என்று பெயர் சொன்னீர்கள். அதற்கப்புறம் ஒவ்வொரு ஆப்பிள் சீசனிலும் உங்கள் லாரி அங்கே ஒரு நாள், இரண்டு நாள் அதிகமாக நின்றது.

சிக்கல் அங்கேதான் ஆரம்பித்தது, இல்லையா? ஊரில் யாராவது மீன் பிடித்தேன் என்று சொன்னால் சட்டியில் மீன் இருக்க வேண்டும். நீங்கள் வெறுங்கையோடு வந்தீர்கள்.

"மீன் புடிக்கப் போனீங்களே, மீன் எங்க?" என்பாள் அக்கா.

"வுட்டுட்டேன்."

"வுடறதுக்கு எதுக்குப் புடிக்கணும்?"

"அது சொன்னா உனக்குப் புரியாது."

இந்தப் பதிலை நீங்கள் சொல்லியிருக்கவே கூடாது மாமா. வாரக்கணக்கில் வெளிமாநிலம் ஓடுகிற லைன் லாரி டிரைவரின் பெண்டாட்டி கேட்கிற கேள்விக்கு 'சொன்னா புரியாது' என்பது பதிலா? ஊர் வாய் வேறு சும்மா இருக்குமா? "லைன்ல ஒரு வூடு இருக்கும், இருந்துட்டுப் போவுது, காசு ஒழுங்கா குடுக்கறாரு இல்ல?" என்று நம் சின்னம்மா அக்காவுக்கே ஆறுதல் சொன்னார். ஆறுதலாம்! அன்றைக்கு அக்கா சோறு சாப்பிடவில்லை. உங்களிடமும் எதுவும் கேட்கவில்லை.

எனக்கு ஒருபோதும் சந்தேகம் வந்ததில்லை. அதியமான்கோட்டையில் என் தார்ப்பாய்க் கடைக்குப் பின்னால், காய்ந்து கிடந்த ஏரியில், முள்ளுக்குப் பதில் சிவப்பு உல்லன் துண்டைக் கட்டி நீங்கள் வீசிப் பழகியதை எத்தனையோ சாயங்காலம் பார்த்தவன் நான். தண்ணீரே இல்லாத ஏரியில் மீன் பிடிக்கிறவர் என்று ஆடு மேய்க்கிறவர்கள் சிரித்தார்கள். நீங்கள் சட்டையே செய்யவில்லை. ஒரு பெண்ணைப் பார்க்கப் போகிறவன் இத்தனை சிரிப்பைத் தாங்குவானா? மாட்டான் என்பது என் கட்சி.

போன வருஷம் ஆவணியில், ஆப்பிள் சீசனுக்குக் கிளம்ப வேண்டிய வாரத்தில், சாப்பிட்டுக் கை கழுவப் போனவர் அப்படியே சாய்ந்துவிட்டீர்கள். மாரடைப்பு என்றார்கள். அஸ்தியை ஒகேனக்கலில் கரைத்துவிட்டு வந்தோம். நீங்கள் போனதைவிட, அந்தக் கேள்வி பதில் இல்லாமல் அக்காவிடமே தங்கிப்போனதுதான் எனக்கு வலித்தது. அவள் அழுதாள்தான். ஆனால் முழுசாக அழவில்லை. துக்கத்தில் பாதியைச் சந்தேகம் பிடித்து வைத்திருந்தது. இதை உங்களிடம் மட்டும்தான் சொல்ல முடியும்.

அதனால்தான் இந்தப் பயணத்துக்குத் திட்டம் போட்டேன். அக்காவைக் கூட்டிப் போய் ஆற்றில் நிறுத்த வேண்டும். நானே ஒரு ட்ரவுட்டைப் பிடித்து, அவள் கண் முன்னால் காட்டி, திரும்பவும் விட வேண்டும். 'பாரு, இதுதான் நடந்தது, வேற ஒண்ணுமில்ல' என்று சொல்லிவிட வேண்டும். அவ்வளவுதான் என் கணக்கு.

திட்டம் போடுவது ஒன்றும் லேசாக இல்லை. நவம்பரில் மீன் முட்டையிடும் காலம் என்று ஆற்றை மூடிவிடுவார்களாம், மார்ச்சில்தான் திறப்பார்களாம். நம் சின்னம்மாவோ, சாவு விழுந்த வீட்டுக்காரர்கள் ஒரு வருஷம் மலை ஏறக் கூடாது என்று நின்றார். "பக்கத்துல இருக்கற தீர்த்தமலைக்கே ஏறக் கூடாதுங்கறேன், இவன் இமயமலைக்குக் கூட்டிப்போறானாம்!" ஆவணியில் உங்கள் வருஷத் திதி முடிகிற வரை வாயை மூடிக்கொண்டு காத்திருந்தேன். திதிக்கும் ஆறு மூடுவதற்கும் நடுவில் கிடைத்த கொஞ்ச நாளில்தான் இப்போது கிளம்புகிறோம். மீன்வளத் துறையில் அனுமதிச் சீட்டுக்குச் சொல்லி வைத்தாயிற்று. ரூம் போட்டாயிற்று. உங்கள் கோலை எடுத்துத் துடைத்து, அதே ஏரியில் நானும் வீசிப் பழகுகிறேன். முதல் வாரத்தில் என் காதைத்தான் பிடித்தேன். இப்போது பரவாயில்லை, எதிரே இருக்கிற வேலமரத்தைப் பிடிக்கிறேன்.

அக்கா வரமாட்டாள் என்றுதான் நினைத்தேன். கேட்டதும், "எப்ப கெளம்பணும்?" என்றாள். எனக்குத் தலைகால் புரியவில்லை. ஆற்றைப் பார்க்க ஆசை வந்துவிட்டது, மனசு இளகிவிட்டது என்று நானே முடிவு கட்டிக்கொண்டேன்.

போன ஞாயிற்றுக்கிழமை பை கட்டினாளா என்று பார்க்கப் போனேன். கம்பளிச் சட்டை ஒன்றுகூட எடுத்து வைக்கவில்லை. தரையில் ஒரு பெரிய டின்னை வைத்து, அதில் ஜவ்வரிசி வடாம் அடுக்கிக்கொண்டிருந்தாள். பக்கத்தில் கொட்டை எடுத்த புளி. நீங்கள் சீசனுக்குப் போகும்போதெல்லாம் லால்சிங் வீட்டுக்கு என்று வாங்கிப் போவீர்களே, அதே அளவு.

"என்னக்கா, லால்சிங்குக்கா?" என்று கேட்டேன்.

"லால்சிங்குனு ஒருத்தரு இருந்தா அவருக்கு."

"இல்லன்னா?"

அடுக்குவதை நிறுத்தாமலே சொன்னாள். "இந்த வடாத்தை அங்க யாரோ ஒருத்தி பொரிச்சிருப்பா இல்லடா. அவளுக்கு."

எனக்குக் கோபம் வந்துவிட்டது. "அப்படி யாருமே இல்லக்கா. நான் மீனையே புடிச்சுக் காட்டறேன், அப்பறம் பேசு" என்று கத்தினேன்.

"நீ மீனைக் காட்டுனா அங்க மீனு இருக்குதுன்னு தெரியும். வேறென்ன தெரியும்?"

ஒரு வருஷமாக நான் போட்ட கணக்கை வடாத்துக்குக் காகிதம் விரித்தபடியே முடித்துவிட்டாள்.

"அப்ப சண்டை போடவா வர்ற?"

அப்போதுதான் நிமிர்ந்து என்னைப் பார்த்தாள். "சண்டையா? போன சீசனுக்கு இவரு போவல. இந்த சீசனுக்கும் போவல. அங்க ஒருத்தி இருந்தா, ரோட்டுல போற தமிழ்நாட்டு லாரி ஒவ்வொண்ணையும் எட்டிப் பாத்துக்கிட்டு நின்னிருப்பா. அவளுக்கு யாருடா சொன்னா? எனக்காவது நீங்கல்லாம் வந்து கூட உக்காந்தீங்க."

போனில் விசாரித்துப் பார்க்கலாமே என்றேன். உங்கள் போனில் அந்தப் பக்கத்து நம்பர் ஒன்றுகூட இல்லை என்பது எங்கள் இருவருக்கும் தெரியும். இருந்தால் பேசியிருப்பீர்களே, ஆகவே யாரும் இல்லை என்பது என் நிம்மதி. நம்பரை அழித்திருப்பீர்களோ என்பது அவள் சந்தேகம். ஆனால் அன்றைக்கு அவள் அதைச் சொல்லவில்லை. "போன்ல சொல்ற சேதியாடா இது?" என்று மட்டும் கேட்டாள்.

பிறகு அருகில் உட்காரச் சொன்னாள். வடக்கத்தி டிரைவர்களிடம் தார்ப்பாய் விற்று நான் பழகிய இந்தியை அவள் நம்பியிருக்கிறாள். "எனக்கு அவங்க பாஷை வராது. நான் சொல்றதை நீ மரியாதையா எடுத்துச் சொல்லணும். இவரு வரலைன்னு கோவிச்சுக்காதீங்க, வேணும்னே வராம இல்லீங்க, செத்துப்போயிட்டாரு. இவ்வளவு சொன்னாப் போதும். நான் யாருன்னு கேட்டா, சொந்தக்காரங்கன்னு சொல்லு."

சொந்தக்காரங்க! வீட்டுக்கு வந்து வெகுநேரம் அழுதேன். உங்களை நினைத்தா, அவளை நினைத்தா என்று தெரியவில்லை.

மாமா, இப்போது நேராகவே கேட்கிறேன். அங்கே யாராவது இருக்கிறார்களா? இல்லை என்றுதான் இன்றைக்கும் நம்புகிறேன். ஆனால் என் நம்பிக்கையைவிட அக்காவின் சந்தேகம் பெரிய மனசோடு இருக்கிறதே, அதற்கு நான் என்ன செய்ய? உங்களை நம்பிய நான் உங்களுக்காக வாதாடிக்கொண்டிருந்தேன். நம்பாத அவள், உங்களுக்காக இன்னொருத்தியிடம் மன்னிப்புக் கேட்கப் போகிறாள். இப்படி ஒருத்தியிடம் 'சொன்னா புரியாது' என்று எப்படிச் சொன்னீர்கள்?

இரண்டு நாளாகக் கடையில் கூட்டம் இல்லாதபோது அந்த மூன்று வாக்கியத்தை இந்தியில் சொல்லிப் பழகுகிறேன். முதல் இரண்டும் வந்துவிடுகின்றன. மூன்றாவதைப் பாதியில் விட்டுவிட்டு, மடித்த தார்ப்பாயையே திரும்ப மடிக்கப் போய்விடுகிறேன்.

ஆனால் உங்களுக்குச் சத்தியம் செய்கிறேன். அந்தக் கரையில் லால்சிங் மட்டும் இருந்தால், அவர் கையைப் பிடித்துக்கொண்டு அவரிடம் சொல்வேன். யாருமே இல்லாவிட்டால், அக்கா சந்தேகத்தோடு திரும்பினாலும் இனி நான் உங்களுக்காக வாதாட மாட்டேன். வேறு யாராவது கதவைத் திறந்தால், அக்காவுக்குப் பக்கத்தில் நின்று, ஒரு சொல் குறையாமல், குரலில் கோபம் இல்லாமல், அவள் சொன்னதை மட்டும் சொல்வேன். நான் யார் என்று அவர்கள் என்னைக் கேட்டால், எனக்கும் அதே பதில்தான்.

இப்படிக்கு,
உங்கள் சொந்தக்காரன்,
பெண் கொடுத்த வீட்டு மச்சினன்.